கொக்கு கால் மாற்றும் நேரம்

ஐப்பசி 18, திங்கள்

டாக்டரம்மா இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் எவ்வளவு தூரம் நடந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எழுதி, மார்கழியில் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை முந்நூற்று இருபது. முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளிய கண்டக்டர் ஆறுமுகநயினாருக்கு நடக்கச் சொல்லித் தருகிறார்கள். இருக்கட்டும்.

நடை: குளத்துக்கரை. மடையிலிருந்து, குளம் நிறைந்தால் தண்ணீர் வழிகிற மறுகால் வரை, போக வர. சாப்பாடு: இட்லி நான்கு. மகள் வடிவு கேட்டால் மூன்று.

குளம் முக்கால்வாசி பெருகிவிட்டது. கரையின் கீழே நாற்றங்கால் எல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி சங்கிலிபூதத்தான் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன். ஒரு காலத்தில் ஒரே வாழையிலையில் சாப்பிட்டவர்கள் நாங்கள். ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. என்னைக் கண்டதும் அவன் மடைக்குள் எட்டிப் பார்ப்பான், நான் வானத்தைப் பார்ப்பேன். இன்றும் அப்படித்தான்.

ஐப்பசி 19, செவ்வாய்

அடைமழை. நடை இல்லை. வடை இரண்டு.

ஐப்பசி 21, வியாழன்

மழை விட்டது. கரை முழுக்க நத்தை. மிதிக்காமல் நடப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

கிளம்பும்போது வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேம்ப்பா. வீட்டுக்குள்ளயே கெடந்து முழங்கால் பிடிச்சுப்போச்சு" என்றாள். தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது, கரை வழுக்கும், உனக்கு அங்கே என்ன வேலை என்று சத்தம் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வயதாகிறது. சொல் பேச்சு கேட்கிற பிள்ளை.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கிணற்றுக்கு மேலே இரும்புக் கிராதி போட்டிருக்கிறேன். என் இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து இருக்கும். பூட்டு நான்குதான், சாவி பதினேழு. இதையெல்லாம் சர்க்கரை நோட்டில் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஐப்பசி 24, ஞாயிறு

காலையில் நடை உண்டு. திரும்பி வந்து பார்த்தால் வடிவின் மிஷின் மேல் மாம்பழ நிறத்தில் பட்டு ரவிக்கைத் துணி. யாருக்கு என்று கேட்டேன். வாய்க்குள் முணுமுணுத்தாள். அடுப்படியில் பக்கத்து வீட்டுப் பித்தளைக் கிண்ணம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. என் கண்ணில் படாமல் கொல்லைப்பக்கமாகப் போய்வருகிறாள். அதை நான் கண்டும் காணாதவனாக இருந்திருக்கிறேன். இன்று கேட்டேவிட்டேன்.

"சுகந்திக்குப்பா" என்றாள். "அவளுக்கு ஒரு எடம் வந்திருக்கு. வேலங்குறிச்சி. பையன் மின்வாரியத்துல இருக்கான். சாதகம் பொருந்திட்டு. மார்கழி பொறக்கதுக்குள்ள பூ வைக்கணும்னு மாமா தவியாத் தவிக்காரு."

மாமாவாம். பூதத்தானின் மகளுக்குக் கல்யாணம் கூடிவருகிறது.

நான் காபியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை இல்லாத காபி இனித்தது.

ஐப்பசி 25, திங்கள்

நடந்ததை எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் வடிவுக்கும் இப்படித்தான் ஒரு இடம் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார். ஜாதகம் பொருந்தி, நாள் பார்க்கிற கட்டம். எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாருக்கும் தெரியாமல் வந்து, நாலு பேரிடம் பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள். ஊரில் சொல்கிற சொல்தான் கடைசிச் சொல். நான் அன்றைக்கு டூட்டியில் இருந்தேன். வந்தவர்கள் மடையடியில் பூதத்தானோடு நின்று பேசியதை டீக்கடையில் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், "சாதகம் சரியில்ல" என்று ஆள் விட்டார்கள். பொருந்திய ஜாதகம் மூன்று நாளில் எப்படிக் கெட்டுப்போகும்?

வடிவுக்கு ஒன்பது வயதில் ஒருதரம் உடம்புக்கு வந்தது. அன்றைக்கு அவளை மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் பூதத்தான். எங்கள் வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவன். அது என்னைக்கோ சரியாகிவிட்டது. இப்போது இரண்டு வேளையும் சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். தாயில்லாத பிள்ளை. ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டான்.

அருவாளை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றேன். "நீயால சொன்ன?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றான். ஊர் கூடிப் பிடிக்காவிட்டால் அன்றைக்கே வெட்டியிருப்பேன்.

வெட்டாதது நல்லதாகப் போயிற்று. இப்போது அவனுக்கும் ஒரு மகள், அவளுக்கும் ஒரு வரன். விசாரிக்க ஆள் வரும்.

ஐப்பசி 27, புதன்

நடை இரண்டு மடங்கு. டாக்டரம்மா சந்தோஷப்படுவார்.

விசாரிக்க வருகிறவர்களை என்னைப்போல் அடையாளம் தெரிந்தவன் இந்தத் தாலுகாவில் கிடையாது. எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கிறேன்! ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. தேய்த்த சட்டை. கையில் மூட்டை முடிச்சு இருக்காது. ஊருக்கு டிக்கெட் எடுக்காமல் ஒரு ஸ்டாப் முன்னாலேயே முக்கில் இறங்கிக்கொள்வார்கள். அங்கிருந்து ஊருக்குள் வரக் குளத்துக்கரைதான் வழி. எட்டேகால் பஸ்ஸை விட்டால் அவர்களுக்குத் தோதான பஸ் இல்லை. ஆகையால் இனி தினமும் எட்டு மணிக்கு நான் கரையில் இருப்பேன்.

பொய் சொல்லப் போவதில்லை. பொய் சொன்னால் நாளைக்கு நாலு பேர் முன்னால் நிற்கவேண்டி வரும். "பொண்ணு எப்படி?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொன்னால் நல்ல பெண் என்று அர்த்தம். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல பொண்ணுதான், நமக்கு எதுக்கு" என்றால் போதும். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. ரொம்ப நேரம் விட்டால் கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைப்பார்கள். கம்மியாக விட்டால் உறைக்காது. மடைக்கல்லில் ஒரு கொக்கு நின்றது. ஒரு காலை ஊன்றி நிற்கும், பிறகு மறு காலுக்கு மாற்றும். மாற்றுகிற அந்த நேரம் சரியாக இருக்கும் என்று பட்டது. ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

கார்த்திகை 1, சனி

காலையில் வடிவுக்குக் கொஞ்சம் தலைசுற்றல். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் சரிந்துவிட்டாள். சாவிக்கொத்து உதவியது. உதட்டில் சின்னக் காயம், நெற்றியில் புடைப்பு. அரைமணியில் எழுந்து உட்கார்ந்து, "தோசை ஊத்தட்டாப்பா?" என்று கேட்டாள். படுத்துக்கொள் என்றேன்.

சத்துக் குறைவு. கீரை வாங்க வேண்டும். நடை இல்லை.

கார்த்திகை 2, ஞாயிறு

நெற்றிப் புடைப்புக்கு மஞ்சள் பூசியிருக்கிறாள். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. வாத்தியார் வீட்டில் பிள்ளை குட்டியோடு இருக்க வேண்டியவள், இங்கே எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். வெள்ளையடிக்கிறார்கள்.

கார்த்திகை 4, செவ்வாய்

எட்டு மணிக்குக் கரை. நடவு நடக்கிறது. வாடைக்காற்று காதுக்குள் ஏறுகிறது. யாரும் வரவில்லை. ராகிக்கூழ்.

கார்த்திகை 6, வியாழன்

வந்தார்கள்.

எட்டேகால் பஸ் முக்கில் நின்று கிளம்பியது. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை. அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்தார். அந்தம்மா குடை பிடித்திருந்தது, மழைக்கு அல்ல, முகத்துக்கு. பூதத்தான் அந்த நேரம் மறுகால் பக்கம் போயிருந்தான். எல்லாம் எனக்கென்று அமைந்தது.

"அண்ணாச்சி, இங்கன நாத்து வெலைக்குக் கெடைக்குமா?" என்றார் அவர்.

"ஊரெல்லாம் நட்டு முடிச்சாச்சே. நீங்க எந்த ஊரு?"

"வேலங்குறிச்சி."

"அப்ப நாத்துக்கு வரல நீங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்தம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது. "நீர்ப்பாய்ச்சி வீட்டுப் பிள்ளையப் பத்தி நாலு வார்த்த கேக்கலாம்னுதான். நீங்க இந்த ஊருதானே. பெத்த பிள்ள மாதிரி நெனச்சு சொல்லுங்க. பொண்ணு எப்படி?"

மடைக்கல்லைப் பார்த்தேன். கொக்கு இருந்தது. நிதானமாக ஒரு காலை இறக்கி, மறு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டது.

"நல்ல பொண்ணுதான்" என்றேன். "நமக்கு எதுக்கு. நாலு பேருட்ட கேட்டுக்கிடுங்க."

அந்தம்மா குடையை மடக்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குள் வரவில்லை. வந்த வழியே முக்குக்குத் திரும்பிப் போனார்கள். ஒன்பதரை பஸ்ஸில் அவர்கள் ஏறுகிற வரை கரையிலேயே நின்று பார்த்தேன்.

ஐந்து வருடம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. மனசு குளிர்ந்தது என்றால் இதுதான்.

கார்த்திகை 7, வெள்ளி

ஜிலேபி இரண்டு. டீக்கடையில் நின்றுகொண்டே தின்றேன். எழுதத்தான் செய்வேன், யாருக்குப் பயம்?

கார்த்திகை 12, புதன்

வேலங்குறிச்சியிலிருந்து சேதி எதுவும் வரவில்லையாம். வராது. நான் ஐந்து வருடத்துக்கு முன்னால் மூன்று நாள் காத்துக் கிடந்தேன், அவன் ஆறு நாளாகக் காத்துக் கிடக்கிறான். வட்டியோடு வரட்டும்.

பூதத்தான் மடைக்குச் சரியாக வருவதில்லை. கீழவயலில் புதிதாக நட்ட நாற்று தண்ணீரில் மிதந்ததாக ஊரில் அவனை ஏசினார்கள். இன்று எதிரே வந்தான். வழக்கம்போல் மடைக்குள் பார்க்காமல் என்னைப் பார்த்தான். தாடி வளர்ந்திருக்கிறது. ஏதோ கேட்க வாயெடுத்தவன் போல இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

மாம்பழ நிற ரவிக்கை கை வைக்காமல் மிஷின் மேல் கிடக்கிறது. வடிவு என்னோடு அதிகம் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை.

கார்த்திகை 15, சனி

காலையில் நடைக்குக் கிளம்பினேன். வடிவு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேலங்குறிச்சிக்காரங்க வந்தாங்களாம்ப்பா. கரையில ஒருத்தரு என்னமோ மாதிரி பேசினாராம். மாமாவுக்கு ஆள் மூலமா சேதி வந்திருக்கு. சுகந்தி மூணு நாளா சாப்பிடல." என் முகத்தைப் பார்த்து, "நீங்களா?" என்றாள்.

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவளுக்காகத்தானே செய்தேன். "நான்தான்" என்றேன். "உனக்கு அவன் செஞ்சத அவனுக்குத் திருப்பிக் குடுத்தேன். ஒரு பொய் சொல்லல. கணக்குத் தீந்துது."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை ஆறுதலாகவாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சாவிக்கொத்தை எடுத்தேன். "அது இல்ல. உள்ள வைங்க அத" என்று சீறினாள். இந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"மாமா சொல்லலப்பா. நான் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க டூட்டிக்குப் போன பொறவு வாத்தியார் வீட்டுக்காரங்க தண்ணி கேக்க மாதிரி நம்ம வீட்டுக்கே வந்தாங்க. அந்தம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு, ‘ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே தாயி’ன்னு கேட்டாங்க. இருக்குன்னு சொன்னேன். என்னன்னும் சொன்னேன். மாத்திரையக் கொண்டுவந்து காமிச்சேன். மறைச்சு வச்சு, அங்க போயி அடுப்பு முன்னால விழுந்து கெடக்கச் சொல்லுதீங்களா?"

"அப்ப அவன் கூட மடையில…"

"மாமாட்டயும் கேட்டிருக்காங்க. தங்கமான பிள்ளைன்னு சொல்லியிருக்காரு. அவங்க மொகம் சரியில்லன்னு தெரிஞ்சு, பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போயி, மருந்து சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுன்னு கெஞ்சியிருக்காரு."

"ஆமான்னு ஒத்துக்கிட்டானே! என் மொகத்தப் பாத்து ஆமான்னு சொன்னானே!"

"உங்க கையில அருவா இருந்துதுப்பா. நான் நம்ம வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன். மாமா என்னையப் பாத்துட்டாரு. பொறவு வந்து சொன்னாரு, ‘நான் சொன்னதாவே இருக்கட்டும் தாயி. என்மேலன்னா உங்கப்பன் பேசாம இருப்பான், அவ்வளவுதான். உன்மேலன்னா அவன் தாங்க மாட்டான்’ன்னு."

ஐந்து வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கத்தினேன்.

"எத்தனையோ தடவ சொல்ல வந்தேன். சத்து மாத்திரை போட்டியான்னு கேப்பீங்க. அதோட என் வாய் அடைச்சுப்போகும்."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். பக்கத்து வீட்டுப் பித்தளைக் கிண்ணமும் உருண்டது. அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

கார்த்திகை 16, ஞாயிறு

நடை இல்லை. சாப்பாடு இல்லை.

கார்த்திகை 17, திங்கள்

பூதத்தான் வீட்டு வாசல் வரை போனேன். சுகந்தி முற்றம் தெளித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயசு வரை என் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனாள். கால்சட்டைப் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுப்பேன். சண்டை வந்த பிறகு அவள் பின்வாசல் வழியாகவே ஏறுவாள். இன்று என்னைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். வீங்கிய கண்.  திரும்பி வந்துவிட்டேன்.

மார்கழி பிறக்க இன்னும் பதினான்கு நாள்.

சொன்ன பொய்யைப் பொய் என்று சொல்லித் திரும்ப எடுக்கலாம். நான் ஒன்றுமே சொல்லவில்லையே. பேசாமல் நின்றதைத் திரும்ப எடுப்பது எப்படி? ரொம்பச் சாமர்த்தியமாகச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு எவ்வளவு பூரிப்பு!

கார்த்திகை 18, செவ்வாய்

ஒன்பதரை பஸ்ஸில் முக்கில் ஏறி, வேலங்குறிச்சிக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் விசாரித்தேன். எல்லாரும் நான் பெண் வீட்டுக்காக வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலேயே பையனைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். ஒருத்தரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்தம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. என்னைத் தெரிந்துவிட்டது. "கரையில பாத்த அண்ணாச்சிலா" என்று பாயை விரித்தது. அவரும் உள்ளேயிருந்து வந்தார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

"நல்ல பொண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. அதத்தான் பொய் மாதிரி சொன்னேன்."

அவர் முகம் மாறியது. "யாரு அனுப்புனா உங்கள? பொண்ணு வீட்டுலயா?" என்றார். நியாயமான கேள்வி. தானாக வந்து பேச்சை மாற்றுகிறவனை யார் நம்புவார்கள்? வரும்போதே அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன்: வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று. சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே மாதிரி ஒருத்தி என் மகளின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு என் மகள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

"எம் மகளுக்கு வலிப்பு உண்டு" என்றேன்.

இருபத்து மூன்று வருடத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. வாத்தியார் வரன், அருவாள், "ஆமா" என்று அவன் சொன்னது, ஐந்து வருடம், கொக்கு, எல்லாம். அவர் நடுவில் ஏதோ கேட்கப் போனார். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தியது.

"பொண்ணு வீட்டுக்கு நீங்க வந்தது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்னைய வெட்டிருவான்."

"ஒங்க மகளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"மருந்து சாப்பிடுதா."

"கடைசியா எப்ப வந்துது?"

"கார்த்திகை ஒண்ணு" என்றேன். தேதி சரியாக ஞாபகம் இருந்தது, இந்த நோட்டில் எழுதியிருப்பதால்.

மோர் கொடுத்தார்கள். வரன் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திகை முதல் தேதிப் பக்கத்தை எடுத்து, "தலைசுற்றல்" என்று இருந்ததை அடித்துவிட்டு "வலிப்பு" என்று எழுதினேன். டாக்டரம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

கார்த்திகை 22, சனி

நடை: போக வர. சேதி இல்லை. குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நான் போகவில்லை.

நாள் கணக்கில் காத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது சுவரின் இரண்டு பக்கமும் காத்துக் கிடக்கிறது.

கார்த்திகை 24, திங்கள்

பிற்பகலில் கார் ஒன்று பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. குடை முதலில் இறங்கியது. வடிவு மிஷினுக்கு ஓடிப்போய் அந்த மாம்பழத் துணியை எடுத்தாள். மிஷின் பொழுது சாயும் வரை ஓடியது.

கார்த்திகை 27, வியாழன்

பூ வைத்தார்கள். வடிவு போனாள். எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் என்னை அழைக்கவில்லை. மேளம் கேட்டது. நான் பின்கட்டில் கிணற்றுக் கிராதி மேல் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தேன்.

வடிவு தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தாள். "மாமா குடுத்து விட்டாரு" என்றாள். சோறு, சாம்பார், அவியல் எல்லாம் இருந்தது. பாயசம் இல்லை. என் சர்க்கரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தின்றேன். 

கார்த்திகை 28, வெள்ளி

தீபம். சொக்கப்பனைக்குப் பனை நட்டிருக்கிறார்கள். காலையில் கரையில் பூதத்தானை நேராகப் போய் மறித்தேன். நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவன் பலகையைக் கீழே வைத்தான்.

"பூதம், நான் செஞ்சது…"

"வேலங்குறிச்சிக்குப் போனீராமே. சம்பந்தியம்மா சொன்னா." சிரிக்கவில்லை. "எம்மேல அஞ்சு வருசம் பகை வச்சீரு. தாங்கிக்கிட்டேன். அது ஒம்ம பிள்ளைக்காக. நீரு எம் பிள்ளையல்லா இழுத்துட்டீரு."

"என்ன வேணும்னாலும் சொல்லு வே. ஏசு. ரெண்டு அடி அடி."

"அடிச்சா உமக்கு மனசு ஆறிரும். அத நான் ஏன் செய்யணும்?" பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "நீரு அஞ்சு வருசம் பேசல. நான் எத்தன வருசம்னு இன்னும் முடிவு பண்ணல."

போய்விட்டான். சரிதான். நானாக இருந்தால் அருவாளை எடுத்திருப்பேன்.

கார்த்திகை 30, ஞாயிறு

இன்று வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் சத்தம் போடவில்லை. சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகப் போனேன்.

"அது வேண்டாம்ப்பா. கையில சாவி குடுக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லி எத்தன வருசமாச்சு. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, பக்கத்துல இருங்க. அது போதும்."

சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். இடுப்பு லேசாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தண்ணீர்ப் பக்கம் நான், வயல் பக்கம் அவள். பயிர் பச்சை பிடித்துவிட்டது. பனி விழுந்து சிலந்தி வலையெல்லாம் வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று பார்த்தாள். ஐந்து நிமிட நடைக்கு அரைமணி ஆயிற்று.

மடையடியில் பூதத்தான் நின்றான். என்னைப் பார்த்ததும் மடைக்குள் குனிந்துகொண்டான். நாங்கள் கடக்கும்போது, நிமிராமலே, "தாயி, அங்கன வழுக்கும். இந்தக் கல்லு மேல காலை வச்சு வா" என்றான்.

அவள் கல் மேல் கால் வைத்துத் தாண்டினாள். அதே கல்லில் நானும் கால் வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நடை: மடையிலிருந்து மறுகால் வரை, போக வர, இரண்டு பேர். இட்லி நான்கு. நான்குதான். வடிவு காலை எட்டு மணிக்கு வலிப்பு மாத்திரை போட்டாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.